இழுப்பறையில் அடித்த போன்

டியோவைப் பற்றிக் கம்பாலாவில் இரண்டு கட்சி உண்டு. கூடப்பிறந்த அக்காவையே கொன்றவன் என்பது ஒரு கட்சி. பாவம், அவன் என்ன செய்வான், எல்லாம் விதி என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் நடந்தது முழுதாகத் தெரியாது. அவனோடு ஒரே அறையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் நான். அடக்கத்தன்று அந்த வாழைத்தோப்பிலும் இருந்தேன். யாராவது என் முன்னால் அவனைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி கம்பாலாவின் ந்திந்தா பகுதியில், பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம். என் பெயர் ரெஸ்டி. எழுதுவது நான் இல்லை. எழுதியதை நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. டியோவும் எழுதுகிறவன் இல்லை. அவனை நாங்கள் மூட்டைக்காரன் என்போம். அந்தச் சாஃப்ட்வேர் ஜாவாவில் எழுதியது, ஒரே துண்டாக இருக்காது. நோயாளி பதிவு ஒரு பகுதி, வார்டு ஒரு பகுதி, ஆய்வகம், மருந்துக்கடை, பில் என்று ஆளுக்கொரு பகுதியை எழுதுவார்கள். அத்தனையையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி ஆஸ்பத்திரியின் செர்வருக்கு அனுப்புகிறவன் டியோ. மூட்டை நன்றாக இருந்தால் யாரும் அவனை நினைக்கமாட்டார்கள். கெட்டால் அவன் தலைதான் உருளும்.

ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கும். சின்னஞ்சிறிய ஃபைல். எந்தச் செர்வரோடு பேச வேண்டும், எந்த நம்பருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று நாலைந்து வரி. அதில் இரண்டு சாதி உண்டு: சோதனைக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று. ஆய்வகத்தில் ஒருவருடைய இரத்த முடிவு மோசமாக வந்தால், நிஜ ஃபைல் டியூட்டி டாக்டரின் போனுக்கு அவசரச் செய்தி அனுப்பும். சோதனை ஃபைல் அதே செய்தியை எங்கள் அலுவலகத்தில், டியோவின் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு கட்டோர்ச்சிக்கு அனுப்பும். டார்ச் வைத்த பட்டன் போனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நாள் முழுக்க இழுப்பறைக்குள் அது சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

விஷயம் மொத்தமும் இவ்வளவுதான். டாக்டர் போன் அடித்தால் ஒரு உயிர் பிழைக்கும். இழுப்பறை அடித்தால் பிழைக்காது. டியோவுக்கு இது மனப்பாடம். அதனால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்ப்பான். நாங்கள் கேலி செய்வோம்.

"ஏன் டியோ, மூட்டைய மோந்தும் பாப்பியோ?"

"நீ நர்சம்மாங்களுக்குப் பாடம் எடுக்கப் போவல்ல, ரெஸ்டி? அப்ப எந்த டாக்டரு அடிக்க வர்றான்னு பாரு. அப்பறம் நீயும் மோந்து பாப்ப."

அவன் சிறுவயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவன். வளர்த்தது அக்கா பெர்பெதுவா. பஸ் நிற்கும் இடத்தில் வாழைப்பழ அப்பம் சுட்டு விற்றுத் தம்பியைப் படிக்கவைத்தாள். தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு புலெங்கெராவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இரட்டைப் பெண்களைப் பெற்றாள். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் மக்களிடம் தனி மரியாதை. அன்றோடு அவள் சொந்தப் பெயர் போய் நாலோங்கோ ஆகிவிடுவாள், புருஷன் சாலோங்கோ. மூத்த பெண் பாபிரியே, இளையவள் நகாத்தோ. இந்தப் பெயர்களைக்கூட யாரும் யோசித்து வைப்பதில்லை, பிறக்கும்போதே கூடவே வருபவை.

இப்போது ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். சோதனை செய்யப் பொய் நோயாளிகள் வேண்டும். முன்னொரு காலத்தில் எங்கள் பையன்கள் சினிமா நடிகர் பெயர், கட்சிக்காரர் பெயர் எல்லாம் போட்டு, ஒருநாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆட்களுக்குக் காட்டும்போது திரையில் ஒரு மந்திரிக்கு மூலவியாதி என்று வந்து தொலைத்தது. பாஸ் முகிஷா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "இனிமே ஒழுங்கான மனுஷப் பேரு போடுங்க. உங்க வீட்டு ஆளுங்க பேரையே போடுங்க," என்றார். நல்ல யோசனை என்று எல்லோரும் போட்டார்கள். செய்தி அனுப்பும் வேலையை எழுதுகிற ஜூட் தன் மாமியாருக்குச் சர்க்கரையை ஏற்றிவிட்டான். டியோ அக்காவின் பெயரைப் போட்டான். நக்காயிசா பெர்பெதுவா, பெண்கள் வார்டு, இரத்தம் ஐந்து. ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டியது. ஏன் அக்காவைப் போட்டாய் என்று கேட்டதற்கு, "அதுக்குத் தலவலிகூட வந்ததில்ல. அதான்," என்றான்.

ஒருமுறை நாலோங்கோவே அலுவலகத்துக்கு வந்தாள். தலையில் ஒரு மத்தோக்கே வாழைக்காய்த் தாரைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தவள், மூச்சு வாங்காமல் எங்கள் ஒவ்வொருவரையும் வீட்டில் அப்பா அம்மா சுகமா, பிள்ளைகள் சுகமா, நாய் சுகமா என்று விசாரித்து முடித்தாள். ஜூட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நாலோங்கோ, ஒங்கள ஒங்க தம்பி ஆஸ்பத்திரில சேத்து ரெண்டு வருஷம் ஆவுது. இன்னும் டிஸ்சார்ஜ் பண்ணல."

திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு அவள் மாடியே அதிரும்படி சிரித்தாள்.

"நல்லதுதானே. இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவளுக்கு எல்லா வியாதியும் வரட்டும். என் பங்கையும் சேத்து அவளே படட்டும். நான் இன்னும் காப்பி பறிக்கணும்."

அவளுக்கு அப்போதே கர்ப்பப்பையில் கட்டி இருந்திருக்கிறது, மாதாமாதம் இரத்தம் கொட்டியிருக்கிறது. தம்பியிடம் பேசுகிற விஷயமா அது. பேசவில்லை.

அந்த வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக் கூட்டம் எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியது. அவர்களுக்கு நாலைந்து ஊர்களில் கிளை. முதல் ஆஸ்பத்திரி புலெங்கெரா. அதற்காக ஜூட், வார்டுப் பகுதிக்குள் இருந்த செய்தி அனுப்பும் வேலையைப் பிய்த்துத் தனிப் பகுதியாக ஆக்கினான். ஆக்கும்போது பழைய கான்ஃபிக் ஃபைலையும் கூடவே நகல் எடுத்துப் போட்டுக்கொண்டான். சோதனை ஃபைல். உள்ளே கட்டோர்ச்சியின் நம்பர்.

ஆக, ஒரே மூட்டைக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல். இதில் உள்ள விஷம் இதுதான்: ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஜாவா சண்டை போடாது, எச்சரிக்காது, யாரையும் கேட்காது. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் படித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். மற்றதைத் திரும்பியும் பார்க்காது. எது முதலில் படும் என்பது அந்தந்தக் கம்ப்யூட்டரின் இஷ்டம்.

டியோ கண்டுபிடித்துவிட்டான். ஜூடின் மேசைக்கே போய் நின்றான்.

"டேய், உன் ஃபோல்டர்ல இருக்கற ஃபைல எடு."

"எடுத்தா என் டெஸ்ட் ஓடாது, சேபோ." ஐயா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

"அப்ப பேர மாத்து."

"பேர மாத்துனா வார்டுக்காரன் எழுதுனது ஒடையும். அவன் லீவுல இருக்கான். லான்ச் முடியட்டும் அண்ணே, எல்லாத்தையும் சுத்தம் பண்ணலாம்."

டியோ அழிப்பான், ஜூட் திரும்பப் போடுவான். யானைக்கும் பானைக்கும் சரியாப் போச்சு என்று நாங்கள் வேடிக்கை பார்த்தோம். கடைசியில் டியோ பாஸிடம் போனான். எல்லா கான்ஃபிக்கையும் மூட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, அந்தந்த ஆஸ்பத்திரிச் செர்வரிலேயே ஒரே இடத்தில் வைத்துவிடலாம், பிறகு எந்த மூட்டை போனாலும் நம்பர் மாறாது, ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டான். கண்ணாடிக் கதவு. உள்ளே பேசுவது எங்களுக்கும் கேட்கும்.

"ஒரு வாரமா? பிஷப்பு வந்து மந்திரிச்சுத் திறந்து வைக்கப் போறாரு. தேதி குடுத்தாச்சு. பிஷப்புகிட்டப் போய்த் தள்ளி வைங்கன்னு நீ சொல்றியா?"

"இல்ல, சேபோ. ஆனா..."

"கையால அழிச்சிட்டு அனுப்பு. நீதான் கெட்டிக்காரனாச்சே."

கையாலேயே அழித்தான். ஒவ்வொரு முறையும் மூட்டையைக் கட்டி, பிரித்து, ஜூடின் ஃபைலை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டி அனுப்புவான். அவன் கையில் இருந்தவரை பழுது வரவில்லை.

திறப்பு விழாவன்று காலையில் புலெங்கெராவிலிருந்து பாஸ் போன் செய்தார். சாஃப்ட்வேரின் முகப்புத் திரையில் பிஷப்பின் படத்துக்குக் கீழே பழைய பிஷப்பின் பெயர் இருக்கிறதாம். பிஷப்பின் கார் பாதி வழி வந்துவிட்டதாம். உடனே மாற்றி அனுப்பு என்றார். டியோ மாற்றினான், கட்டினான். பிரிக்கப் போகும்போது மறுபடி போன்.

"ஒரு பேரு மாத்தறதுக்கு எவ்வளவு நேரம்டா? மத்ததெல்லாம் நேத்து இருந்ததுதானே?"

டியோ பிரிக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் அனுப்பவில்லை. அதைத்தான் ஒருத்தரும் சொல்வதில்லை. நிஜ ஃபைலோடு எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்த மூட்டையை ஓடவிட்டு, ஒரு பொய் இரத்த முடிவை அனுப்பிப் பார்த்தான். செய்தி டாக்டர் நம்பருக்கே போனது. இழுப்பறை சத்தம் போடவில்லை. சரி என்று அனுப்பினான். எங்கள் கம்ப்யூட்டரின் கண்ணில் முதலில் பட்டது நிஜ ஃபைல். புலெங்கெரா செர்வரின் கண்ணில் முதலில் பட்டது ஜூடின் ஃபைல்.

பிஷப் வந்தார், தண்ணீர் தெளித்தார், கம்ப்யூட்டரை ஆசீர்வதித்தார். அதுவரை ஆய்வகத்தில் முடிவு மோசமாக வந்தால் ஒரு ஆள் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடுவார். அன்றோடு அந்த ஓட்டம் நின்றது. இனிமேல் பட்டனை அழுத்தினால் டாக்டர் போன் அடிக்கும் என்றார்கள். நான் அடுத்த கிளையில் பாடம் எடுக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுக்க ஜூட் ஏதோ சோதனை ஓட்டிக்கொண்டிருந்தான். கட்டோர்ச்சி ஓயாமல் அடித்தது. எது சோதனை, எது நிஜம் என்று யார் பார்த்தார்கள். ஒரு நாள் மத்தியானம், சப்பாத்திக்குள் முட்டை சுருட்டி வாங்கி வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். இழுப்பறை அடித்தது. டியோ எண்ணெய்க் கையோடு எடுத்துப் படித்தான். 'அவசரம். நக்காயிசா பெர்பெதுவா. பெண்கள் வார்டு. இரத்தம் 3.4.'

இதை ஜூடே என்னிடம் பிறகு அழுதுகொண்டு சொன்னான். டியோ போனைத் தூக்கிக் காட்டி, "டேய், எங்க அக்காவுக்கு அஞ்சு வச்சிருந்தேன். அதையும் உறிஞ்சிட்டியா?" என்றானாம்.

ஜூட் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "நாலோங்கோதானே, ரெண்டு பேருக்கான ரத்தம் இருக்கும். தாங்குவாங்க," என்றானாம்.

டியோ சிரித்துவிட்டுப் போனை இழுப்பறைக்குள் போட்டான்.

மறுநாள் காலை நான் அந்தக் கிளையிலிருந்து திரும்பி அலுவலகத்துக்குள் நுழையும்போதே அவன் காதில் போன் இருந்தது. சாலோங்கோ பேசுகிறார். அக்கா போய்விட்டாள் என்று சொன்னாராம். "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் டியோ கேட்டான். கேட்டுவிட்டு வைத்தான். எனக்கு என்ன விஷயம் என்று புரிவதற்குள் இழுப்பறையைத் திறந்தான். கட்டோர்ச்சியை எடுத்து நேற்றைய செய்தியைத் தேடினான்.

"ஜூட், நேத்து என் அக்கா நம்பர நீ மாத்தினியா?"

"எந்த நம்பரு?"

"அஞ்ச மூணு புள்ளி நாலுன்னு."

"நான் எதுக்கு மாத்தப் போறேன்?"

டியோ அழவில்லை. போனில் மேலே கீழே தள்ளி மற்ற செய்திகளைப் படிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இது நீ போட்டதா, இது நீ போட்டதா என்று கேட்டான். சில பெயர்களுக்கு ஜூட் தலையாட்டினான். மூன்று பெயர்களுக்கு ஆட்டவில்லை. மூன்றாவது அன்று காலையில் வந்தது: பிறந்த குழந்தை, சர்க்கரை அதலபாதாளத்தில்.

"ரெஸ்டி, அங்க யாரு நம்பராவது இருக்கா உன்கிட்ட?"

புலெங்கெராவில் நான் பாடம் எடுத்த நர்சு ஒருத்தியின் நம்பர் இருந்தது. அவள் எடுத்தாள். குழந்தை வார்டுக்கு ஓடினாள். நாங்கள் லைனிலேயே காத்திருந்தோம். அவள் செருப்புச் சத்தம் கேட்டது, யாரோ கத்துவது கேட்டது. பிறகு, "உயிரு இருக்கு. மருந்து ஏத்தறாங்க," என்றாள். மற்ற இருவரில் ஒருவரை டாக்டர் தானாகவே பார்த்திருந்தார். இன்னொருவர், ஒரு கிழவர், முதல்நாளே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் வீட்டாரிடம் இன்றுவரை ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லை.

"நீ கெளம்பு, டியோ. மத்தத நாங்க பாத்துக்கறோம்," என்றேன்.

"அக்கா அங்கதான் இருக்கும். இந்தப் போன் அடிக்கறது நிக்காது," என்றான். உட்கார்ந்து மூட்டையைக் கட்டினான், பிரித்தான், ஜூடின் ஃபைலை எடுத்து எறிந்தான், அனுப்பினான். அந்த நர்சையே ஆய்வகத்துக்குப் போகச் சொல்லி ஒரு பொய்ச் செய்தி அனுப்பச் சொன்னான். என்ன பெயர் போடட்டும் என்று அவள் கேட்டாள். டியோ போனை என் பக்கம் நீட்டினான். "பேரே வேணாம், சிஸ்டர். ஒரு புள்ளி வைங்க," என்றேன் நான். டாக்டரின் போன் அடித்தது. அதற்குப் பிறகுதான் அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

அடக்கத்துக்குக் கம்பெனி ஒரு வேன் பிடித்தது. பாஸும் வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். புலெங்கெராவில் இறங்கியதும் டியோவைத் தேடிப்போய்த் தோளில் கை போட்டார். பக்கத்தில் நான் நின்றேன்.

"தம்பி, துக்க வீட்ல வந்து கம்ப்யூட்டர் கதையெல்லாம் வேணாம். அவங்களுக்குப் புரியவும் புரியாது. ஆண்டவன் கூப்பிட்டுக்கிட்டான். அவ்ளோதான்."

டியோ அவர் கையை எடுத்து அவர் பக்கமே விட்டான்.

எங்கள் அடக்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. மண் போடுவதற்கு முன், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் எழுந்து, நோய் எப்படி வந்தது, எங்கே கொண்டுபோனோம், யார் என்ன செய்தார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். யாருடைய மனதிலும் சந்தேகம் தங்கக் கூடாது என்பதற்காக. வாழைத்தோப்பில் கூடாரம் போட்டிருந்தது. மரப்பட்டைத் துணி சுற்றிய நாலோங்கோ நடுவில். ஊர்த் தலைவர் மைக்கைச் சாலோங்கோவின் தங்கையிடம் கொடுத்தார்.

அவள் சொன்னாள். மாதக்கணக்காக இரத்தம் போனதை அண்ணி மறைத்ததைச் சொன்னாள். பாத்திரம் கழுவும் இடத்தில் மயங்கி விழுந்ததைச் சொன்னாள். "ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஆய்வகத்துப் பொண்ணு எங்கிட்டச் சொல்லிச்சு, டாக்டருக்குப் போன்ல போயிடுச்சு, இப்ப வந்துருவாருன்னு. சரின்னு ஒக்காந்துருந்தோம். டாக்டருக்குத்தான் தெரியுமே, நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்தோம். மறுநாள் காலைல ரவுண்ட்ஸுக்குத்தான் வந்தாரு. அதுக்குள்ள அண்ணி போயிட்டாங்க. ஏத்தறதுக்கு ரத்தம் அதே ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜுலயே இருந்துச்சாம்." மைக்கை ஊர்த் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ஊர்த் தலைவர் அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தார். டியோ எழுந்து போய் மைக்கை வாங்கினான். பாஸ் என் பக்கத்தில், "போச்சு," என்றார்.

டியோ சுற்றி வளைக்கவில்லை. "டாக்டருக்குப் போகல. எங்கிட்ட வந்துச்சு," என்றான். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்ததையும், அதைத் தான் அறிந்திருந்ததையும், அன்று மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பியதையும் காப்பி பறிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னான். அவசரப்படுத்திய பாஸின் பெயரைச் சொல்லவில்லை. ஃபைலைப் போட்ட ஜூடின் பெயரையும் சொல்லவில்லை. எனக்கு எழுந்து நின்று இரண்டு பெயரையும் கத்தவேண்டும் போல இருந்தது. அவனுடைய அக்கா, அவனுடைய பேச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கொதிக்கத் தொடங்கியது. பின்னாலிருந்து ஒருவன், "கூடப்பொறந்தவளையே முழுங்கிட்டியேடா," என்றான். சாலோங்கோ கையைத் தூக்கினார். அமைதியானது. அவர் அதிகம் பேசாத மனிதர். இரண்டு பெண்களும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அப்போது விவரம் தெரியாத வயசு.

"அவ பேரு உன் போன்ல வந்துச்சில்ல?" என்று கேட்டார்.

"வந்துச்சு, சாலோங்கோ."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு என்ன பண்ணின?"

பொய் சொல்ல இடம் இருந்தது. கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ என்று நினைத்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும்கூட. ஜூட் தலையைக் குனிந்துகொண்டான்.

"சிரிச்சேன்," என்றான் டியோ.

சாலோங்கோ அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டியோ பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னான். அவர் அடிக்கவில்லை. மைக் இல்லாமல்தான் பேசினார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"இந்தப் பொண்ணுங்க ஒருநாள் கேக்கும். நான் சொல்ல மாட்டேன். என்னால முடியாது. இன்னிக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே நீ சொல்லணும். கடைசி வார்த்தை வரைக்கும். அதுவரைக்கும் எங்கயும் ஓடிப்போயிடாத."

பிறகு மண் போட்டார்கள். பாஸ் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்.

டியோ கம்பாலாவுக்குத் திரும்பவில்லை. துணிமணியை நான்தான் கட்டி அனுப்பினேன். அவன் கேட்ட அந்த ஒரு வாரம் அவன் போன பிறகு கிடைத்தது. ஜூடும் இன்னொருவனும் உட்கார்ந்து எல்லாக் கான்ஃபிக்கையும் மூட்டைக்கு வெளியே எடுத்தார்கள். வாரம்கூட ஆகவில்லை, நாலே நாளில் முடிந்தது. முடிந்த அன்று ஜூட் மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பாஸ் வாடிக்கையாளர்களிடம் இப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். கேட்டுக்கொண்டு நான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் வயிறு இருக்கிறதே.

டியோ புலெங்கெராவிலேயே, அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறான். காப்பி பறிக்கிறான், காயவைக்கிறான், பெண்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறான், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறான். ஊரில் சிலர் அவனோடு பேசுவதில்லை. சாலோங்கோவும் தேவைக்கு மேல் பேசுவதில்லை, ஆனால் தட்டில் அவன் பங்கு குறைந்ததில்லை. பட்டன் போன்கூட அவனிடம் கிடையாது. அவனைப் பார்க்க வேண்டும் என்றால் நேரில்தான் போக வேண்டும்.

போன அறுவடைக்குப் போயிருந்தேன். பெண்கள் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டார்கள். பாபிரியே அவள் அம்மாவை உரித்து வைத்தது போல் இருக்கிறாள். வந்ததும் வராததுமாக என்னை விசாரித்தாள். அப்பா அம்மா சுகமா, ஆபீஸ்ல எல்லாரும் சுகமா என்று நிறுத்தாமல் கேட்டாள். டியோ பாயில் காப்பிக் கொட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லித் தர்றாங்க. நான்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டு," என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களும் கம்ப்யூட்டர் வேலதானே பாத்தீங்க, அங்க டவுன்ல? எல்லாரும் சொல்றாங்க. ஏன் விட்டீங்க?"

டியோவின் கை கொட்டைகளுக்கு நடுவில் அப்படியே நின்றது. உள்ளே சாலோங்கோ எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. நான் வாயைத் திறந்தேன், ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம் என்று. டியோ என்னைப் பார்த்துத் தலையாட்டினான், வேண்டாம் என்று.

எழுந்துபோய்க் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினான். சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"போய்த் தங்கச்சியையும் கூட்டிட்டு வா," என்றான்.